பெயின்ட் அடித்த பிறகு ஊமையான ஹாரன்

ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் காட்டுவதற்காக எங்கள் பழைய லாரிக்குப் பெயின்ட் அடித்தோம். அன்றிலிருந்து ஹாரன் ஒலிக்கவில்லை. மைசூர் எலக்ட்ரீஷியன் புது ஹாரன் மாட்டினான், அதுவும் ஊமை. "நாளைக்கு ஸ்விட்ச் மாத்தலாம் குரு. ஒரு நாள் ஹாரன் இல்லாட்டி செத்தா போயிருவே?" என்று நக்கலடித்தான்.

மனசே இல்லாமல் கிளம்பினேன். குண்டலுபேட்டை ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் திரும்பிப் பார்க்காமல் குறுக்கே வந்தது. ஹாரனை அமுக்கினேன், சத்தமில்லை. பிரேக்கை மிதித்து இடிக்காமல் நிறுத்தினேன்.

"ஹாரன் அடிக்கக் கையில்லையாடா?" என்று ஸ்கூட்டர்காரன் இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்தான்.

அவன் போனபின், ஹாரன் ஊமையான அன்று புதுசாக வந்தது பெயின்ட் மட்டும்தானே என்று தோன்றியது. ஹாரன் மாட்டிய பட்டையில் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட்டை முடுக்கினேன். பெயின்ட் தடுத்திருந்த இரும்பும் இரும்பும் தொட்டு, எர்த் கிடைத்ததும் ஹாரன் அலறியது.

இப்போதெல்லாம் ஹாரனை அடித்துப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறேன். "விடியக்காலையில ஏன்டா கத்த விடறே?" என்று தெருவே திட்டுகிறது. திட்டட்டும்.