லயத்துக் காமாலைச் சட்டம்

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில், காமாலைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. யார் எழுதியது என்று கேட்காதீர்கள், யாரும் எழுதவில்லை. ஒருவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டால் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். அடுப்பில் தாளிப்புக் கிடையாது. எண்ணெய், மீன், கருவாடு எதுவும் வாசல்படி ஏறக்கூடாது. முக்கியமாக, அந்த வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் வேறு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் தொற்றிவிடும். அரசாங்கத்தின் எத்தனையோ சட்டங்கள் எங்கள் மலைக்கு ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கிப் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். இந்தச் சட்டம் மட்டும் எங்கள் வீட்டில் ஒரே நாளில் அமலுக்கு வந்தது.

தலவாக்கலையில் பஸ் ஏறி, இறங்கிய பிறகும் நெடுந்தூரம் நடக்கவேண்டிய தோட்டம் எங்களுடையது. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஸ்டோர் என்றுதான் நாங்கள் சொல்வோம். அம்மா மலையில் கொழுந்து எடுத்தாள். நான் ஒரே பிள்ளை, நாலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்த அப்பா, பாதி முகத்துச் சோப்பு நுரையோடு திரும்பி, "ஏ, இங்க வந்து பாரு, என் கண்ணு ஏன் இப்பிடி இருக்கு?" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, காமாலை, நன்றாக ஓய்வெடு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு மட்டும் இருந்தது. அதற்கு முன்பே பல மாதங்களாக முதுகு வலித்தது, மூட்டை தூக்கினால் வலிக்காதா என்று விட்டுவிட்டோம். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. "ஸ்டோரு சூட்டுல நானும் தேயில மாதிரி காஞ்சி போயிட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். வலியையும் அரிப்பையும் இளைப்பையும் மஞ்சளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாளே என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அது மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில் இருந்தது. பெரியம்மா நல்லவர். ஆனால் அவரும் பெரியப்பாவும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். அண்ணன்மார் இருவரும் கொழும்பில் கடைகளில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நானும் பனியும்தான். கதவைத் திறந்துவைத்தால் பனி உள்ளே வரும், சாத்தினால் இருட்டாகிவிடும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்றே பாதிப் பொழுது கழியும்.

பள்ளிக்கூடத்திலும் சட்டம் எனக்கு முன்னே போய் உட்கார்ந்திருந்தது. என் பெஞ்சில் இருந்தவள் அடுத்த பெஞ்சுக்கு மாறிவிட்டாள். "காமாலை வீட்டுப் புள்ள, அவ தண்ணிப் போத்தலத் தொடாதீங்கடி" என்று ஒருத்தி சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை, அவள் வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் பெஞ்சின் இந்த ஓரத்திலும் உட்கார்ந்து பார்த்தேன், அந்த ஓரத்திலும் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பெஞ்சு முழுவதும் தனக்கே கிடைப்பது அவ்வளவு பெரிய தண்டனை என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

வீட்டுக்குத்தான் போகக் கூடாது, பீலிவரைக்கும் போகலாம் என்று அம்மா ஒரு சலுகை தந்திருந்தாள். பீலி என்பது லயத்துக்குத் தண்ணீர் வந்து விழுகிற இடம். அங்கே நின்றால் எங்கள் வாசல் தெரியும். வெயிலடிக்கிற நாளில் அப்பா வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். நான் இங்கிருந்து கத்துவேன், அவர் அங்கிருந்து கத்துவார்.

"பாப்பா, சாப்பிட்டியா?"

"ஆமாங்கப்பா!"

"என்ன கறி?"

"பருப்பு!"

"எனக்கும் அதே பருப்புதான், உப்புதான் இல்ல!"

தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் சிரிப்பார்கள். எங்கள் இருவருடைய பேச்சும் லயம் முழுவதும் கேட்டதால் முக்கியமான எதையும் பேச முடியவில்லை. பெரியம்மா வீட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையோ, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்பதையோ எப்படிக் கத்திச் சொல்வது? பருப்பு என்று மட்டும் கத்திவிட்டு மேலே ஏறிப் போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மாவோடு கோயிலுக்குப் போனபோது மாரியம்மனிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். அப்பாவுக்குச் சுகமாக வேண்டும் என்றல்ல, அதை எல்லாரும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்களே. எனக்கும் காமாலை வர வேண்டும் என்று கேட்டேன். எனக்கும் கண் மஞ்சளாகிவிட்டால் என்னை வேறு எங்கே அனுப்புவார்கள்? அப்பாவோடுதான் விட்டாக வேண்டும். அதற்குப் பிறகு தினமும் காலையில் பெரியப்பாவின் கண்ணாடியை எடுத்து என் கண்ணைப் பார்ப்பேன். பாழாய்ப்போன கண், பால் மாதிரி வெள்ளையாகவே இருந்தது.

இதற்கிடையில் ராகலைப் பக்கத்தில் காமாலைக்கு மருந்து கொடுக்கும் சிங்கள வைத்தியர் ஒருவரிடம் அம்மா அப்பாவைக் கூட்டிப்போனாள். வெதமாத்தயா என்று சொல்வோம். அவர் கொடுத்த கஷாயத்தை அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். மஞ்சள் குறையவில்லை, கூடியது. பத்தியம் சரியில்லை, தாளித்த வாடை எங்கிருந்தோ பட்டிருக்கிறது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில் இருந்தவர்கள்கூட எங்களுக்காகக் கொஞ்ச நாள் கருவாடு பொரிக்காமல் இருந்தார்கள். அத்தனை பேரும் ஒருமனதாக, இல்லாத நோய்க்குப் பத்தியம் இருந்திருக்கிறோம்.

இன்றைக்கு நானே சுகாதாரத் திணைக்களத்தில் சம்பளம் வாங்குகிறவள், குடும்ப நல உத்தியோகத்தர். லயம் லயமாக ஏறி இறங்குவதுதான் என் வேலை. போன மாதம் நுவரெலியாவில் ஒரு கூட்டம் நடந்தது. புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க அரசாங்கம் என்ன செய்யப்போகிறது என்று திரையில் காட்டி விளக்கினார்கள். மார்புக்கு ஒரு பக்கம், கருப்பைக் கழுத்துக்கு ஒரு பக்கம், வெற்றிலை போடுகிற வாய்க்கு ஒரு பக்கம். சதையி என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த கணையத்துக்கு, என் அப்பாவுக்குப் புற்று வந்த அந்த இடத்துக்கு, ஒரு வரிகூட இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து கேட்டுவிட்டேன். வந்திருந்த டாக்டர் பொறுமையானவர். "மிஸ், அதை முன்கூட்டியே பிடிக்கிறதுக்கு எல்லாருக்கும் செய்யக்கூடிய டெஸ்ட் ஒண்ணும் இன்னும் இல்ல. இருக்கிற காச, ஆளக் காப்பாத்தக்கூடிய எடத்துலதானே போட முடியும்?" என்றார்.

சரியான பதில்தான். சரியாக இருந்ததுதான் எனக்குக் கோபம். தப்பிப் பிழைக்கிறவர்கள் குறைவு, அதனால் ஆராய்ச்சிக்குக் காசு குறைவு. ஆராய்ச்சி குறைவு, அதனால் தப்பிப் பிழைக்கிறவர்கள் குறைவு. இந்த வட்டத்துக்குள் எங்கே புகுந்து யாரைத் திட்டுவது? டிஸ்பென்சரி தோட்டத்துக்காரர்களுடையது, பெரிய ஆஸ்பத்திரி அரசாங்கத்தினுடையது, இரண்டுக்கும் நடுவில் நாங்கள் எங்கள் சொந்தச் சட்டத்தோடு இருந்தோம். பக்கத்தில் இருந்தவள் என் சேலையைப் பிடித்திழுத்து உட்கார வைத்தாள்.

கண் மஞ்சளானால் நாட்டு மருந்துக்குப் போகாதீர்கள் என்று நான் எந்த லயத்திலும் சொல்வதில்லை, சொன்னால் கேட்கவும் மாட்டார்கள். "போங்க, ஆனா போற வழியில ஒரு ஸ்கேன் எடுத்துட்டுப் போங்க" என்பேன். சிரிப்பார்கள். சிலர் எடுக்கவும் செய்கிறார்கள். என் அப்பாவை முதல் நாளே அனுப்பியிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டார் என்றுதான் படித்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தொற்றாத நோய் என்று முதலிலேயே தெரிந்திருந்தால், அத்தனை நாளும் நான் அவர் பக்கத்தில் படுத்திருப்பேனே.

கஷாயத்துக்கும் மஞ்சள் இறங்காததால் கடைசியில் அப்பாவைக் கண்டிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அப்பாவும் அம்மாவும் கொழும்பில் இருந்த நாட்களில் பீலிக்குப் போவதற்கும் எனக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. ஆனாலும் போனேன். பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பேன். "என்ன புள்ள, தண்ணி புடிக்கவும் குடம் இல்ல, இங்க என்ன பண்ற?" என்று யாராவது கேட்டால் மேலே ஏறிவிடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, பெரியம்மா வீட்டு வாசலில் என் துணிப்பையோடு அம்மா நின்றாள். வேலைக்குப் போயிருக்க வேண்டிய பெரியம்மாவும் நின்றார்.

"அப்பாவுக்குக் காமால இல்லையாம், பாப்பா" என்றாள் அம்மா. "வயித்துக்குள்ள வேற என்னமோவாம். தொத்தாதாம். வா, வீட்டுக்குப் போவோம்."

தொற்றாது! நான் குதித்த குதியில் என் துணிப்பை கவிழ்ந்து உடுப்பெல்லாம் வாசலில் கொட்டியது. பெரியம்மா அவற்றைப் பொறுக்கி மடித்துவைத்துக்கொண்டே அழுதார். நான் போவதால்தான் அழுகிறார் என்று நினைத்து, "லீவுக்கு வருவேன் பெரியம்மா, அழுவாதீங்க" என்று தேற்றினேன். அவர் இன்னும் அதிகமாக அழுதார். இவ்வளவு பாசமா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வழியில் கடையில் அம்மா மீன் வாங்கினாள். பத்தியம் என்று நான்தான் பதறினேன். "டாக்டர் அப்பாவ இஷ்டப்பட்டதையெல்லாம் சாப்பிடச் சொல்லிட்டாரு" என்றாள். என் சந்தோஷம் இரண்டு மடங்காகிவிட்டது. இனிப் பத்தியமும் இல்லை, தனித் தட்டும் இல்லை. லயத்துக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு வாசலாக ஓடி, "எங்கப்பாவுக்கு நல்லாயிருச்சு! தொத்தாதாம்!" என்று சொல்லிக்கொண்டு போனேன். பெரியவர்கள் என் தலையைத் தடவினார்கள்.

அப்பா உள்ளே பாயில் சாய்ந்திருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். ஆனால் கண்ணைப் பார்த்தேன், மஞ்சள் நன்றாக வெளுத்திருந்தது. பித்தம் இறங்குவதற்காக உள்ளே ஒரு சின்னக் குழாயை வைத்திருந்தார்கள், நோயை அப்படியே விட்டுவிட்டு. அதெல்லாம் இந்த வேலைக்குப் படித்த காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்கு வெள்ளைக் கண் போதுமாக இருந்தது. போய் அவர் மடியில் விழுந்தேன். மருந்து வாடைக்கு அடியில் தேயிலைத் தூள் வாசம் இன்னும் இருந்தது.

அம்மா கடுகு தாளித்து மீன் குழம்பு வைத்தாள். அப்பாவும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். முள் எடுத்து, உருண்டை பிடித்து எனக்கு ஊட்டிக்கொண்டே இருந்தார், தான் ஒரு வாய் சாப்பிட்டிருப்பாரோ என்னவோ. அம்மா அடுப்புப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புகை என்று நினைத்தேன்.

"இனிமே என்னைய மேக்கணக்குக்கு அனுப்ப மாட்டீங்கல்லப்பா?" என்று கேட்டேன்.

"அனுப்ப மாட்டேன்" என்றார் அப்பா. "நீ எங்கயும் போவ வேணாம், பாப்பா. அம்மாகூட இங்கயே இரு."

அதைவிடப் பெரிய உறுதிமொழி எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. அவர் டம்ளரிலிருந்தே தண்ணீரைக் குடித்துவிட்டு, அவரை ஒட்டிப் படுத்துக்கொண்டேன். அப்பா தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்பதை அந்த வயதில் நான் கவனிக்கவில்லை.