பெரிய கிராணியின் உள்ளங்கை

அப்புத்துரை, கணக்கெழுதும் கிராணி உத்தியோகத்தை உதறிவிட்டு, ஜெலுத்தோங் கடலோரத்தில் வெள்ளைக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்குப் படகு கட்டப் போனதும், மனைவி யோகம்மாவின் அண்ணன் விஸ்வலிங்கம் அவர் வீட்டில் கை நனைப்பதை நிறுத்திக்கொண்டார். பெரிய கிராணி அல்லவா, தச்சன் வீட்டுச் சோறு செரிக்காது.

ஜப்பான்காரன் வந்தான். புது அதிகாரிகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு, உல்லாசம் உண்டு, படகும் வேண்டும். பட்டறை ஆட்களுக்குக் கையில் கட்ட அடையாளத் துணி கொடுத்தார்கள். அது இருந்தால், போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போகமாட்டார்கள். விஷயம் பரவியதும் அப்புத்துரையின் குடும்பத் தொழில் கிடுகிடுவென்று வளர்ந்தது. பெரியப்பா மகன், சின்னம்மா மருமகன், சம்பந்தி வீட்டுச் சம்பந்தி என்று அத்தனை பேருக்கும் மர வாசனை பிடித்துப்போயிற்று. உளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

கடைசியாக, இஸ்திரி போட்ட சட்டையோடு விஸ்வலிங்கம் வந்தார்.

"மச்சான், கணக்கு பார்க்க ஆள் வேணும்லா?"

"கணக்கப்பிள்ளைக்குத் துணி கிடையாது மச்சான். தச்சனுக்குத்தான்."

"சரி, தச்சன்னே சொல்லு. மெதுவா சொல்லு."

மறுநாள் அதிகாரி ஆள் பார்க்க வந்தான். உள்ளங்கையைத் தடவிப் பார்ப்பது அவன் வழக்கம். காய்ப்பு இல்லாதவனுக்கு வாசலிலேயே லாரி. மற்ற உறவினர்களுக்கு மாதக்கணக்கில் உப்புத்தாள் தேய்த்துக் கை காய்த்திருந்தது. விஸ்வலிங்கத்தின் கை பேனாவைத் தவிர எதையும் தூக்கியதில்லை.

அப்புத்துரை மைத்துனரின் இரண்டு கைகளையும் பிடித்து, படகு இடுக்கு அடைக்க வைத்திருந்த தார்ச் சட்டியில் மணிக்கட்டுவரை அமுக்கினார்.

"என்னய்யா செய்யிற?"

"பேசாம நில்லுங்க. சயாம் போறீங்களா?"

நீட்டிய கறுப்புக் கைகளை அதிகாரி பார்த்தான். தன் வெள்ளைக் கையுறையையும் பார்த்தான். தொடாமல் நகர்ந்தான். துணி கிடைத்தது.

தார் லேசில் போகவில்லை. துடைக்க மண்ணெண்ணெயும் இல்லை. பெரிய கிராணி அப்புத்துரை வீட்டிலேயே மரவள்ளிக்கிழங்கைக் கரண்டியால் சாப்பிட்டார். பிரமாதமாகச் செரித்தது.

வெள்ளைக்காரன் திரும்பினான். உறவினர்களுக்கு மர வாசனை ஆகாமல் போயிற்று. விஸ்வலிங்கம் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஜப்பான் காலத்துல படகுப் பட்டறைய நான்தான் நடத்தினேன். இவர் நம்ம மச்சான், கூடமாட இருந்தார். தச்சு வேலை."

அப்புத்துரை தன் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார். சோறு பரிமாறிக்கொண்டு வந்த யோகம்மா அண்ணன் முன்னால் நின்று, பந்தி முழுக்கக் கேட்கும்படி விசாரித்தாள்:

"கையாலயே சாப்பிடுவீங்களாண்ணே, இல்ல தார் இன்னும் போகலியா? கரண்டி கொண்டாரட்டுமா?"