நின்றே வந்த தூரம்

ஹோட்டல் சலவைக்கூடத்தின் இஸ்திரி மேஜை முன்னால் நின்று நின்றே காலத்தை ஓட்டியவள் அவள். மற்றவர்கள் ஒரு வாய் டீக்கும் ஸ்டூலைத் தேடுவார்கள். அவள் சுவரில்கூடச் சாயமாட்டாள். கம்பம் மாதிரி நிற்பதால் கம்பத்தக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். வைராக்கியம் என்று நினைத்தவர்களும் உண்டு. உண்மையில் விஷயம் இடுப்பு. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் பூட்டுப் போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும்.

கடல் தாண்டி இருக்கும் மகளுக்கு இது தலைப்பிரசவம்.

"நீ வரவேணாம்மா. பஸ்ஸுல ரெண்டு ஸ்டாப் உட்கார மாட்டே. பிளேன்ல எப்படி வருவே?" என்றாள் போனில்.

"பெத்தவ நானிருக்க, வேற எவ வந்து உன் பக்கத்துல நிப்பா?"

"நிக்கறதுல நீ கெட்டிக்காரிதான். உட்கார்றதைச் சொல்லு."

அந்த வாரமே டிக்கெட்டை வாங்கிவிட்டாள். காலை பத்துக்குப் புறப்பாடு, சாயங்காலம் நாலுக்கு இறக்கம். ஆறே மணி நேரம்! பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் நாற்காலியைத் திணித்து, துண்டைச் சீட் பெல்ட்டாக இடுப்பில் கட்டிக்கொண்டு, லீவு நாளெல்லாம் உட்கார்ந்து பழகினாள். முதல் தடவை ஒரு மணி நேரத்திலேயே கண்ணில் நீர் முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு மாதத்தில் ஆறைத் தொட்டுவிட்டாள்.

விமான நிலையத்துக்கு டாக்ஸி ஓட்டும் தம்பியிடம்தான் முதலில் பெருமையடித்தாள்.

"ஆறு மணி நேரம்டா! அசையல!"

"எதுக்குக்கா ஆறு?"

டிக்கெட்டைக் காட்டினாள். அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பத்து நம்ம ஊர் மணி, நாலு அவ ஊர் மணி. உனக்கு மத்தியானம்னா அவளுக்கு விடியக்காலம். தினம் போன் போட்டு அவளை எழுப்பறவளே நீதானே! பதினோராயிரம் கிலோமீட்டர்க்கா. முழுசா பதிமூணு மணி நேரம்."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடலாமா?" என்றான் தம்பி.

"வாயை மூடு. பாதிக் கிணறு தாண்டியாச்சு."

"பாதி தாண்டினா உள்ளதான்கா விழுவோம்."

"விழுந்தா நீந்திக்கிறேன். போடா."

மறுபடி துண்டு, மறுபடி நாற்காலி. எட்டு மணி நேரத்துக்கு மேல் உடம்பு ஒரேயடியாக மறுத்துவிட்டது. பயண நாளும் வந்துவிட்டது. நடைபாதை ஓரத்து இருக்கையாகத் தம்பி பார்த்துப் போட்டிருந்தான்.

விமானத்தில் எட்டு மணி நேரம் வரை பழக்கம் கைகொடுத்தது. அப்புறம் இடுப்பு பூட்டிக்கொண்டது. நெற்றி வியர்க்க நிமிர்ந்து பார்த்தவளின் கண்ணில், தட்டுகளைப் பொறுக்கியபடி போய்வந்துகொண்டிருந்த பணிப்பெண் பட்டாள். ஏறியதிலிருந்து அந்தப் பெண் முக்கால்வாசி நேரமும் நின்றபடிதான். கம்பத்தக்கா பெல்ட்டைக் கழற்றினாள். இருக்கை முதுகுகளைப் பிடித்துப் பிடித்து, சாப்பாட்டு வண்டிகள் நிற்கும் பின்பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

"ஏதாவது வேணுமாம்மா? சீட்ல உட்காருங்க, கொண்டுவரேன்."

"நிக்க இடம் குடு, போதும். நீ மட்டும் உட்கார்ந்தா வர்றே?"

பணிப்பெண் சிரித்துவிட்டு ஒதுங்கி இடம் கொடுத்தாள். "பிளேன் ஆட்டம் கண்டாலும், இறங்கும்போதும் உட்கார்ந்துடணும்."

"அதுக்குத்தான் பழகிட்டு வந்திருக்கேன்."

விமான நிலைய வாசலில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு காத்திருந்த மகள் ஓடி வரப் பார்த்தாள்; முடியவில்லை.

"எப்படிம்மா அவ்வளவு நேரம் உட்கார்ந்தே?"

"எங்க உட்கார்ந்தேன்? மிச்ச தூரத்தை நின்னே வந்துட்டேன். பையைப் புடி."