குலுக்கக் கூடாத குழாய்

என் ஆராய்ச்சியில் ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குத் தன் மரபணுவைக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் விட்டு, உடம்புச் சூட்டில் அசையாமல் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொடுத்துவிடும். கொடுத்ததா என்று பிசிஆர் செய்து பார்த்தால் ஜெல்லில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். அடையாறில் எங்கள் ஆய்வகத்தில் எனக்கு அந்தக் கோடு வரவே இல்லை. இந்த மாதமும் வராவிட்டால் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று என் கைடு சார் சொல்லிவிட்டார். பட்ட பாடெல்லாம் குப்பைக்குப் போகும்.

தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். மரபணுவை வாங்கியவை மட்டும் பிழைக்கும்படி மருந்து கலந்த தட்டில் பாக்டீரியாக் காலனிகள் என்னவோ முளைக்கும். பிசிஆரில் பார்த்தால் அத்தனையும் போலி, மரபணுவை வாங்காமலேயே மருந்துக்குத் தப்பிப் பிழைத்தவை. பிசிஆருக்குச் சேர்க்கும் பிரைமரை மாற்றினேன், என்சைமை மாற்றினேன், தண்ணீரைக்கூட மாற்றினேன். கொடுக்கிற பாக்டீரியாவுக்கு அதே பிசிஆரில் கோடு பளிச்சென்று வந்தது. ஆக, பிசிஆர் மேல் குற்றமில்லை. ஆனாலும் நான் அதைத்தான் திட்டினேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் சார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து மேசைக்காரி மந்தைவெளியிலிருந்து வருபவள், என் வயதுதான். அவள் வேலை செடிகளின் நிறமிகளோடு. என்னைவிட அவள்தான் அதிகம் கவலைப்பட்டாள்.

"மாட வீதிப் பிள்ளையார்கிட்ட உன் கோட்டுக்கு வேண்டிண்டிருக்கேன்டி."

பிள்ளையாருக்கு பிசிஆர் தெரியுமா என்று எரிந்து விழுவேன். கோபித்துக்கொள்ள மாட்டாள். தயிர்சாத டப்பாவை என் பக்கம் தள்ளுவாள்.

அசையாமல் வைக்கும் இன்குபேட்டர் பழுதாகிக் கிடந்தது. அதனால் குடுவைகளைக் குலுக்கும் ஷேக்கர் மதியம் காலியானதும், சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு குலுக்கலை நிறுத்தி என் குழாயை அதில் வைப்பேன். கொஞ்ச நேரம் குலுக்கிவிட்டுத் தானாகவே நின்றுபோகும் கிழட்டு இயந்திரம் அது. நின்றிருந்தால் அந்தப் பக்கம் போகிறவர் பட்டனைத் தட்டிவிட்டுப் போவது எங்கள் வழக்கம்.

ஒரு நாள் சாப்பிடக் கிளம்பிய நான், கைபேசியை மறந்துவிட்டதால் திரும்பி வந்தேன். அவள் ஷேக்கர் முன்னால் நின்றிருந்தாள். உள்ளே என் குழாய் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னடி பண்ற?" என்று கத்திவிட்டேன்.

"எப்போ பார்த்தாலும் நின்னுண்டே இருக்குடி. உன்னோடதாச்சேன்னு நான்தான் தினம் ஞாபகமா வந்து போட்டுவிடறேன்."

குலுக்கினால் ஒட்டியவை பிய்ந்துபோகும் என்று சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று. எனக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. என் குழாய்மேல் என்னைத் தவிர இன்னொருத்திக்கும் இத்தனை அக்கறையா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் குழாயை வைத்ததும் அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஷேக்கர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பட்டன் பக்கம் கையை நீட்டியவர்களையெல்லாம் விரட்டினாள். சாரையும் விடவில்லை.

அந்த வாரமே கோடு வந்தது. சார் ஜெல்லை உற்றுப் பார்த்துவிட்டு, "தலைப்பு இருக்கட்டும்" என்றார். அவர் போகும்வரை பொறுத்திருந்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்காக என்னென்னவோ பண்ணினேன். கடைசியில சும்மா உக்காந்திருந்ததுதான் ஒத்தாசையாடி?" என்று சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது, அவளுக்கும் எனக்கும்.