சோலார் பேனலில் காய்ந்த மஞ்சள் வேட்டிகள்

திருத்தணி மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். எதிரே பக்தர்கள் குளிக்குமிடத்தில், புகை கக்கிய டீசல் மோட்டாரை எடுத்துவிட்டு நகராட்சி சோலார் மோட்டார் வைத்தது. ஆடிக் கிருத்திகையன்று நல்ல வெயிலிலேயே தண்ணீர் நின்றுவிட்டது. மொட்டை போட்டவர்கள் உடம்பெல்லாம் முடியோடு தவித்தார்கள்.

“அப்பவே சொன்னேன், டீசலே இருக்கட்டும்னு. கேட்டாங்களா?” என்று என் கணவர் குதித்தார். கூட்டமும் சேர்ந்துகொண்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. மோட்டார் அறை மாடிக்கு ஓடினேன். பேனல் முழுக்க ஈர வேட்டிகள்!

“வேட்டிய இதுமேல காயப் போட்டுகினு, தண்ணி வரலன்னு கத்துறீங்களே!” என்று மேலிருந்தே சத்தம் போட்டேன்.

கடைசி வேட்டியை உருவியதும் குழாய்கள் சீறின. “அரோகரா!” என்று தெருவே அதிர்ந்தது. முதலில் நனைந்தவர் என் கணவர்தான்.

இப்போது ஒவ்வொரு கிருத்திகைக்கும் முந்தின நாளே மாடியில் பேனலுக்குத் தள்ளி துணிக்கொடி கட்டிவிடுகிறேன். வேட்டிக்கும் வெயில் உண்டு, மோட்டாருக்கும் உண்டு.