பொட்டுக்குக் கீழே ஒரு கீறல்

போன வெள்ளிக்கிழமை சந்திரகிரிப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். வாரத்துக்கு ஒருமுறையாவது தண்ணீரைப் பார்க்காவிட்டால் எனக்குக் கால் தரிப்பதில்லை. என் வியாதி உங்களுக்குத் தெரியாததா?

கரையில் ஹேர் ட்ரையர் சத்தம்.

முனிரத்தினம் அங்கே சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். படகின் பின்னால் மாட்டும் இஞ்சினின் கறுப்பு பிளாஸ்டிக் மூடியை மடியில் வைத்து, அதற்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். டிக்கெட் ஷெட்டிலிருந்து ஒயர் நீண்டு வந்திருந்தது. ட்ரையர் அவர் மனைவி தேவகியுடையது. திருப்பதியில் பியூட்டி பார்லர் வேலை; அன்றைக்கு அவரும் கரையில் நின்றிருந்தார்.

“எனக்கு ஒரு நாளாச்சும் தல காய வெச்சி உட்டுகிறானா, கேளுண்ணா. மூடிக்கு இன்னா உபசாரம் பாரு.”

“சும்மா கெட. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்துக்கினு கீறாங்க.”

விஷயம் இதுதான். வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து படகுகளைப் பார்ப்பார். பழசாய்த் தெரிகிற இஞ்சினை இந்த முறை கழித்துவிடுவார்கள் என்று பேச்சு. இஞ்சின் போனால் படகு நிற்கும். படகு நின்றால் முனிரத்தினம் வீட்டில்தான். உள்ளே இஞ்சின் கிண்ணென்று இருக்கிறது. மேல்மூடிதான்… கரைக்கல்லில் உரசியது, குரங்கு பிறாண்டியது, வெயிலில் வெளுத்தது.

நைஸ் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கிறார். வெளுத்த இடத்தில் சூடு. பிறகு துணியில் தொட்டு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். மழை நின்றதும் குளத்தின் முகம் ஆறுமே — அப்படி ஒவ்வொரு கீறலாக அடங்கியது.

மூடியின் நெற்றியில் மட்டும் அவர் கை போகவில்லை. அங்கே மஞ்சள், குங்குமம். வாராவாரம் பழசின் மேலேயே புதுசு வைத்து, காய்ந்து ஓடு கட்டியிருந்தது.

அதிகாரி வந்தார். தெலுங்குக்காரர். மூடியைப் பார்த்ததும், “கொத்ததா?” என்றார். புதுசா?

“லேது சார், பாததே. அதே பழசுதான்.”

அதிகாரி போனைத் தேய்த்து, போன வருஷம் எடுத்த போட்டோவை நீட்டினார். அதில் உடம்பெல்லாம் கீறலோடு ஓர் இஞ்சின். நெற்றியில் காக்கைக்கால் போல ஒரு வெட்டு. நல்ல இஞ்சினை எங்கேயோ தள்ளிவிட்டு, எதையோ பாலிஷ் போட்டு மாட்டியிருக்கிறாய் என்றார். எண் பொறித்த தகட்டைப் பார்க்கலாம் என்றால், அதை ஏரித் தண்ணீர் எப்போதோ தின்றுவிட்டது.

காலையெல்லாம் வயசை மறைத்த மனிதர், இப்போது வயசை நிரூபிக்க வேண்டும். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்… பேருக்கு ஒன்று? அவ்வளவு சுத்தமான வேலை.

தேவகி போனை எட்டிப் பார்த்தார். “அது பொட்டுக்குக் கீழ கீது சார். கட்டையில மோதி அடிபட்ட எடம். போன இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சதும் திருஷ்டின்னுதான் அங்கியே வெச்சேன்.”

சொல்லிக்கொண்டே முந்தானையை ஏரியில் நனைத்தார்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொட்ட அழிக்கிறியா?” முனிரத்தினம் மூடியைப் பின்னால் இழுத்தார்.

“உம் பொழப்பு அழியறதுக்கு இது தேவல.”

ஓடு பெயர்ந்து வந்தது. அடியில் காக்கைக்கால்… மூன்று விரலும் அப்படியே. அதிகாரி போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலால் தடவினார். “சரே” என்றார். இஞ்சின் தங்கியது. அவர் ஜீப் திரும்புவதற்குள் தேவகி அதே இடத்தில் குங்குமம் வைத்தாயிற்று.

பழசாய்த் தெரிந்தால் கழிக்கிறார்கள். புதுசாய்த் தெரிந்தால் சந்தேகப்படுகிறார்கள். எவ்வளவு பழசாய்த் தெரியலாம் என்று ஓர் அளவு சொல்லித் தொலைத்தால்தான் என்ன?

ஞாயிற்றுக்கிழமை நான் தலைக்கு டை அடிக்கிற நாள். இந்த வாரம் காதோரம் கொஞ்சம் வெள்ளையை விட்டுவைத்திருக்கிறேன் — நான்தான் என்று யாருக்காவது நிரூபிக்க வேண்டி வந்தால்?