டெய்சி நிற்காத வாசல்

முதல் நாள்

தேற்றாத்தீவில் சரோஜா ரீச்சர் வீட்டு வாசலில் டெய்சியை வான் வண்டியிலிருந்து இறக்கிய காலையில், அந்த ஒடுங்கிய ஒழுங்கைச் சனம் முழுவதும் கூடிவிட்டது. ஊரில் நாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் வான் பிடித்து வந்த நாயை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

பார்வையற்றவர்களுக்கு வெள்ளைப் பிரம்போடு நடக்கப் பழக்குவது என் தொழில். நியமனக் கடிதத்தில் மொபிலிட்டி இன்ஸ்ட்ரக்டர் என்று இருந்தது. ஊர்களில் ‘பிரம்பு மிஸ்’ என்பார்கள். வாகரையிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை ஸ்கூட்டியில் ஓடி, முழங்கால் தேய்ந்து ஓய்வுக்கு வந்தவள் நான். பிரம்பைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஆனால் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கேட்பதெல்லாம் நாயைப் பற்றித்தான். என் கைக்கு வந்த வழிகாட்டி நாய் ஒன்றே ஒன்று. அதைத்தான் எழுதுகிறேன். சந்தோசமான கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

சரோஜா ரீச்சர் சரித்திரம் படிப்பித்தவர். விழித்திரை நோயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டது. பாடம் முழுக்க மனதில் இருந்ததால் வகுப்பில் குறை இல்லை. குறை எல்லாம் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில்தான். தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவான். அவனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது.

“அக்கா, பென்சனை எடுத்துப்போட்டு வீட்டில இருங்க. நான் காசு அனுப்புறன்தானே” என்றான்.

“வீட்டில இருந்து என்ன செய்ய? முருங்கைக்காய் எண்ணவா?” என்று கேட்டார் ரீச்சர்.

பிரம்போடு முயன்று பார்த்தோம். அந்த ஒழுங்கையில் பிரம்பு தோற்றது. சாய்த்து வைத்த சைக்கிள், குவித்த தேங்காய், குறுக்கே கட்டிய ஆட்டுக் கயிறு. “கொஞ்சம் ஒதுக்கி வையுங்க” என்று வீடு வீடாகக் கேட்டேன். “ஓம் மிஸ், ஓம் மிஸ்” என்றார்கள். அடுத்த நாள் அதே இடத்தில் அதே சைக்கிள் நிற்கும். ரீச்சர் இரண்டு தடவை விழுந்தார். அந்த நேரத்தில்தான் பார்வையற்றோருக்கான எங்கள் திட்டத்துக்கு ஒரு வழிகாட்டி நாய் வரப்போகிறது என்று செய்தி வந்தது. நாய் பழக்கும் இடத்தில் நான் போய்த் தங்கிப் பயிற்சி எடுத்து, டெய்சியோடு திரும்பினேன்.

டெய்சி கறுப்பு நிறம். தோளிலிருந்து பட்டி, அதில் விறைப்பான கைப்பிடி. அதுதான் ஹார்னஸ். கூட்டத்துக்கு நான் விளக்கம் சொன்னேன்: ஹார்னஸ் போட்டிருந்தால் அது வேலையில் இருக்கிறது, தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, தின்ன ஒன்றும் கொடுக்கக் கூடாது. நான் சொல்லி வாய் மூடவில்லை, கடைக்காரப் பரமேஸ்வரி அக்கா அதன் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்.

“வைரவர்ர வாகனம் வாசலுக்கு வந்திரிக்கி. சும்மா விடலாமா?”

அடுத்த நாள் வடைமாலையோடு வந்தார். உளுந்து வடை அதன் வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். மாலை திரும்பிப் போனதே தவிர, வடை முழுவதும் திரும்பிப் போனதாகத் தெரியவில்லை. அன்றைக்கு நானும் சிரித்தேன். மரியாதையாவது கிடைத்ததே, கல்லால் அடிக்காமல் விட்டார்களே என்று நினைத்தேன்.

சொல் கேளாத பிள்ளை

நாய் தன்பாட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வழி ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழியில் கிடப்பதை நாய் பார்த்துக்கொள்ளும். இடது கையில் கைப்பிடி, ‘ஃபோர்வர்ட்’ என்றால் நடக்கும். சுற்றிப் போக இடம் இருந்தால் சுற்றும். இல்லாவிட்டால் நிற்கும்.

இந்த நிற்பதுதான் முழு வித்தை. போ என்று சொன்னாலும், ஆபத்து இருந்தால் போகாது. மற்ற நாய்க்கெல்லாம் சொல் கேட்கப் பழக்குவார்கள். இதற்குச் சொல் மீறப் பழக்குவார்கள். அதற்குத்தான் ஆக அதிக காலம் எடுக்கும்.

ஒரு நாள் என் ஸ்கூட்டியை ஒழுங்கைக்குக் குறுக்கே விட்டுவிட்டு, ரீச்சரை நடக்கச் சொன்னேன். டெய்சி நின்றது. ரீச்சர் மறுபடி ‘ஃபோர்வர்ட்’ என்றார். அசையவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார். அது அவருக்கு முன்னால் குறுக்கே வந்து நின்றுகொண்டது.

“என்ன மிஸ் இது? வகுப்பில இப்பிடி ஒரு பிள்ளை இரிந்தா வெளியில விட்டிரிப்பன்.”

“காலால முன்னுக்குத் தடவிப் பாருங்க ரீச்சர்.”

தடவினார். ஸ்கூட்டிச் சில்லு தட்டுப்பட்டது. குனிந்து டெய்சியின் தலையைத் தேடிப் பிடித்து, நான் சொல்லிக்கொடுத்தபடி பாராட்டினார். எழும்பியபோது கண் கலங்கியிருந்தது. தனியாக நடப்பதற்கு இனிப் பயம் இல்லை என்றார். அடுத்த கிழமையிலிருந்து, பிந்திய வயதில் புதிதாக வேலை கிடைத்தவர் போல, நேரத்துக்கு முதலே பள்ளிக்கூடத்தில் நின்றார்.

தபால்காரர் வீட்டு வாசல்

மாரி தொடங்கிய நேரம் தண்ணீர்க் குழாய் போடுவதற்காகக் கொந்தராத்துக்காரர் ஒழுங்கையை வெட்டினார்கள். பென்சன் எடுத்த தபால்காரர் ஒருவர் வீட்டு வாசலில் வெட்டிய கான் பள்ளத்துக்குள் மழைத்தண்ணீர் நிரம்பி, பார்ப்பதற்குச் சமதரையாகக் கிடந்தது. டெய்சி அங்கே நின்றது. ரீச்சர் சொல்லியும் போகவில்லை. பிறகு யாரோ வந்து கையைப் பிடித்துச் சுற்றிக் கொண்டுபோய் விட்டார்கள்.

தபால்காரர் பல மாதமாகப் படுக்கையில் கிடந்தவர். அன்று பின்னேரம் அவர் காலமானார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் செத்தவீட்டில் அந்தக் கதைதான் ஓடியது. நாய்க்கு யமன் வருவது தெரியும் என்று நம்பாதவர் எங்கள் பக்கம் குறைவு. சாமத்தில் நாய் ஊளையிட்டாலே எழும்பித் திருநீறு பூசுவார்கள். இது வைரவரின் வாகனம், அதுவும் கறுப்பு. காலையில் வாசலில் நின்றது, பின்னேரம் ஆள் இல்லை. அதற்குப் பிறகு டெய்சி எந்த வாசலில் நின்றாலும் கணக்கில் ஏறியது. ஒரு வீட்டில் ஆடு செத்ததையும் ஏற்றினார்கள்.

நான் வீடு வீடாகப் போய்க் கானைக் காட்டி விளக்கினேன். பரமேஸ்வரி அக்கா பொறுமையாகக் கேட்டார். தேத்தண்ணியும் தந்தார்.

“மிஸ், நீங்க வேதம், சேர்ச்சுக்குப் போற ஆள். ஒங்களுக்கு இது விளங்காது” என்றார்.

சுத்தமான ஒழுங்கை

அதன் பிறகு நடந்ததை இன்று நினைத்தாலும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தங்கள் வாசலில் நாய் நின்றுவிடக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டாரும் விடியவே வாசலைக் கூட்டினார்கள். சைக்கிள் உள்ளே போனது. தேங்காய் உள்ளே போனது. ஆட்டுக் கயிறு அவிழ்ந்தது. கானைத் தாங்களே மண் போட்டு மூடினார்கள். நான் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காத பாதை அச்சத்தில் கிடைத்தது.

கந்தோரில் எங்கள் திட்ட இணைப்பாளருக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. “பாத்தீங்களா மிஸ், முழு ஊரும் சேந்து வழி விடுது. இதைத்தான் ரிப்போர்ட்டில எழுதோணும்.”

“சேர், அவங்க பயத்தில செய்றாங்க.”

“பயமோ பாசமோ, ரோட் கிளியர்தானே?”

ரோட் கிளியர்தான். ஆனால் ரீச்சர் வரும் நேரம் ஒழுங்கையில் பேச்சு நின்றுவிடும். முன்பெல்லாம் “ரீச்சர், என்ன இண்டைக்குப் பிந்திட்டுதா?” என்று கேட்ட வாய்கள் மூடிவிட்டன. கேற் சாத்தும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் என்று ரீச்சர் என்னிடம் சொன்னார். பிள்ளைகள் கொப்பி கொடுக்கவும் வீட்டுக்கு வருவதில்லை. அவர் அழவில்லை. குரல்தான் தாழ்ந்து போயிருந்தது.

சின்ன இழுப்பு

பிறகு ஒரு தடவை கண்காணிப்புக்குப் போய், சத்தமில்லாமல் பின்னால் நடந்து பார்த்தேன். நடை வழுக்கிக்கொண்டு போனது. ஓர் இடத்திலும் தடங்கல் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. குறுக்கே படுத்திருந்த ஊர் நாய்க்கு அருகில் டெய்சி நடையைத் தளர்த்தியது. உடனே ரீச்சர் வலது கையில் இருந்த கழுத்து வாரை ஒரு சின்ன இழுப்பு இழுத்து ‘ஃபோர்வர்ட்’ என்றார். டெய்சி உரசிக்கொண்டு போனது. “நல்ல பிள்ளை” என்றார்.

பள்ளிக்கூட வாசலில் பிடித்துக் கேட்டேன். “ரீச்சர், அது நிக்கப் பாக்குது. நீங்க ஏன் இழுக்கிறீங்க?”

ரீச்சர் சிவலிங்கம் அண்ணனின் கதையைச் சொன்னார். சிவலிங்கம் அண்ணன் வயல்காரர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, ஒழுங்கையைப் பார்த்த முன்னறையில் கிடந்தார். அவருடைய மகள் புஷ்பா ரீச்சரிடம் படித்தவள். அவள் பின்வளவால் வந்து ரீச்சரின் காலைப் பிடித்திருக்கிறாள்.

“ரீச்சர், எங்கட வாசல்ல மட்டும் நிக்கவேணாம் எண்டு அதுக்குச் சொல்லுங்க. ஒங்கட காலடிச் சத்தம் கேட்டா அப்பா மூச்சப் பிடிச்சிற்றுக் கிடக்கிறார். நீங்க தாண்டிப் போனாத்தான் மூச்சு விடுறார்.”

இதைச் சொல்லிவிட்டு ரீச்சர் என் பக்கம் திரும்பினார்.

“நான் இதையெல்லாம் நம்பல்ல மிஸ். ஆனா அந்த மனுசன் நம்புறார். டெய்சி அங்க நிண்டா அவர் பயத்திலேயே போயிருவார். அந்தப் பழியோட நான் எப்பிடி வகுப்பில நிண்டு படிப்பிக்கிற?”

“ரீச்சர், நிக்க வேணாம் எண்டு ஒரு வாசலுக்கு மட்டும் அதுக்குச் சொல்ல ஏலா. ஒருக்கா மறந்தா எல்லா இடத்திலயும் மறந்திரும்.”

“தெரியும் மிஸ். அவர் எழும்பி நடக்கட்டும். மறுகா நீங்க சொன்ன மாதிரி நடக்கிறன்.”

படித்தவர், பகுத்தறிவு உள்ளவர், ஆபத்துத் தெரிந்தவர். தெரிந்துகொண்டுதான் இழுத்தார். பெரிய வீதியால் போகச் சொன்னேன். அங்கே ஓரம் இல்லை, பஸ் உரசிக்கொண்டு போகும் என்றார். அதுவும் உண்மைதான். நாயை மறுபடி பயிற்சிக்கு எடுக்க வேண்டும் என்று கந்தோரில் சொன்னேன். வெளியிலிருந்து ஆட்கள் திட்டத்தைப் பார்க்க வருகிறார்கள், அவர்கள் வந்து போகட்டும் என்றார் இணைப்பாளர்.

கிடுகு

அவர்கள் வருவதற்கு முதலே விசயம் முடிந்துவிட்டது. குழாய் ஒழுகியதால் கொந்தராத்துக்காரர் திரும்ப வந்து, சிவலிங்கம் அண்ணன் வாசலில் ஆழமாக ஒரு குழி தோண்டி, வேலை முடியாமல் விட்டுப் போனார்கள். குழியைக் கண்டால் நாய் நிற்கும். புஷ்பா இரண்டு பலகையைக் குறுக்கே போட்டு, மேலே பின்னிய ஓலைக் கிடுகு பரப்பி, மணலும் தூவி மறைத்துவிட்டாள். ஒரு ஆள் பாரம் தாங்கும் என்று நினைத்தாளாம்.

டெய்சி பழக்கத்தை முழுதாக மறந்திருக்கவில்லை. அந்த இடத்தில் அது தயங்கி, பின்வாங்கியது என்று எதிர்வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். ரீச்சருக்கு எந்த வாசல் என்று தெரியும். வாரை இழுத்தார். “ஃபோர்வர்ட்” என்றார். டெய்சி சொல் கேட்டது.

பலகை முறிந்தது. நாய் பாய்ந்து தப்பியது. ரீச்சரின் இடுப்பெலும்பு உடைந்தது.

வார்டில்

மட்டக்களப்பில் ஆஸ்பத்திரி வார்டில் நான் ரீச்சரின் கட்டிலருகே இருந்தபோது புஷ்பா சூப்போடு வந்தாள். வந்ததிலிருந்து அழுதாள். பலகையின் கதையை அவளே சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. ரீச்சருக்குச் சூப்பை ஊட்டினாள், வாயைத் துடைத்துவிட்டாள். அப்பா எப்படி என்று ரீச்சர் கேட்டார்.

“நல்லா இரிக்கார் ரீச்சர். இண்டைக்குக் கையைக் கொஞ்சம் தூக்கினவர்.” பிறகு ரீச்சரின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நல்ல காலம் ரீச்சர். நாய் எங்கட வாசல்ல நிக்கல்ல.”

எனக்கு வந்த கோபத்தில் நான் எழும்பிவிட்டேன். ரீச்சர் மறு கையை நீட்டி என் சேலையைத் தேடிப் பிடித்து, இரு என்பது போல அழுத்தினார்.

“ஓம் புள்ள” என்றார் அவளிடம். “நிக்கல்ல.”

டெய்சியைத் திருப்பி எடுத்தார்கள். நிற்க மறந்த நாயை இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. இப்போது எங்கோ ஒரு வீட்டில் சும்மா வளர்கிறது. ரீச்சர் நொண்டி நொண்டி வீட்டுக்குள் நடப்பார். பள்ளிக்கூடம் போகவில்லை, பென்சன் எடுத்துவிட்டார். சிவலிங்கம் அண்ணன் எழும்பி நடமாடுகிறார். அதில் எனக்கு மனக்குறை இல்லை, நல்ல மனுசன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல இருப்பது இதுதான். ஒருவருக்கு வழி பழக்குவதற்கு முதல் நாங்கள் பாதைப் படம் ஒன்று வரைவோம். மதில், கேற், கான், லைட் போஸ்ட் எல்லாம் அதில் இருக்கும். எந்த வீட்டில் நோயாளி படுத்திருக்கிறார் என்றும் விசாரித்துக் குறியுங்கள். அந்தக் கட்டிலருகே போய் உட்கார்ந்து, இந்த நாய் எதற்காக நிற்கும் என்று அவருக்குச் சொல்லுங்கள். நம்பாவிட்டால் திரும்பத் திரும்பப் போங்கள். நாங்கள் நாய்க்கும் ரீச்சருக்கும் மாதக்கணக்காகப் பயிற்சி கொடுத்தோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த அந்த மனுசனோடு ஒருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் ரீச்சர் இன்றைக்கும் வகுப்பில் நிற்பார் என்றுதான் நினைக்கிறேன்.